ஓமோன் ஊசியில் இருக்கும் ஐயாவைக் கவனிப்பது: வன்னிக் குடும்பங்களுக்கு

புரொஸ்டேட் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுவரும் ஐயாவுக்கு ஒரு நாள் கிளினிக்கில் குளிசையும் எழுதிக் கொடுப்பார்கள். பல வீடுகளில் அதோடு ஊசி நின்றுபோகிறது. "இப்ப குளிசைதானே, இனி ஏன் ஊசி?" முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி மட்டும் நூறு கிலோமீற்றருக்கு மேல். போய்வர ஒரு முழு நாள் வேண்டும், துணைக்கு ஒருவரின் கூலியும் போகும். அதனால் இந்தக் கேள்வி மனதுக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஊசி பூட்டுவது ஓமோன் வந்து ஒட்டும் இடமான ஒரு வாங்கியை, குளிசை குறிவைப்பது பெரும்பாலும் வேறோர் இடத்தை. எது எங்கே வேலைசெய்கிறது என்று தெரிந்தால், எதை நிறுத்தக்கூடாது, எப்போது பயப்படவேண்டும், எந்தச் சோதனையைக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் பிடிபடும்.

கீழே வரும் அளவுகள் வழமையாக எழுதப்படுபவை. உங்கள் மருந்துத் துண்டில் வேறு அளவு இருந்தால் துண்டில் இருப்பதையே கொடுங்கள். சந்தேகத்தைக் கிளினிக்கில் கேளுங்கள், வீட்டில் மாற்றாதீர்கள்.

இரண்டு வாங்கிகள்

புரொஸ்டேட் புற்றுக் கலங்கள் பெரும்பாலும் ஆண் ஓமோனை நம்பியே வளர்கின்றன. அந்த ஓமோனான டெஸ்டொஸ்டெரோனில் 90 வீதத்துக்கு மேல் விதைகளில் உண்டாகிறது, மிச்சம் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிகளிலிருந்து வருகிறது. விதைகள் தாமாக இயங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்னும் ஓமோன் விட்டுவிட்டுச் சுரந்து, கபச்சுரப்பியில் தனக்குரிய வாங்கியில் போய் ஒட்டும். உடனே கபச்சுரப்பி எல்.எச். என்ற ஓமோனை இரத்தத்தில் விடும், அது விதைகளை வேலைசெய்ய வைக்கும். இதுதான் முதல் வாங்கி. மாத ஊசியும் மூன்று மாத ஊசியும் இதையே பிடிக்கின்றன.

இரண்டாவது வாங்கி புற்றுக் கலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் அன்ட்ரஜன் வாங்கி. கலத்துக்குள் வரும் டெஸ்டொஸ்டெரோனின் ஒரு பகுதி டி.எச்.டி. என்ற இன்னும் வலுவான வடிவமாக மாறி இந்த வாங்கியில் ஒட்டும். ஓமோன் ஒட்டிய வாங்கி கலத்தின் கருவுக்குள் போய் டி.என்.ஏ.யில் அமர்ந்து, வளர்ச்சிக்கான பரம்பரையலகுகளை இயக்கும். இரத்தச் சோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. புரதத்தை உண்டாக்கும் பரம்பரையலகும் அவற்றுள் ஒன்று. ஊசி வேலைசெய்யத் தொடங்கியதும் பி.எஸ்.ஏ. இறங்குவதற்கு இதுவே காரணம்.

குளத்துத் துருசை இறக்குவது ஒரு வேலை, வயலுக்குள் தண்ணீர் பாயும் வாயை மண்போட்டு அடைப்பது இன்னொரு வேலை. ஊசி துருசு, பிகலுட்டமைட், என்சாலுட்டமைட் போன்ற குளிசைகள் வயல்வாய். துருசைத் திறந்துவிட்டு வாயை மட்டும் அடைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

முதல் மாதம்

கோசரெலின், லியூப்ரொலைட், டிரிப்டொரெலின் ஆகிய மூன்றும் ஜி.என்.ஆர்.எச். போலவே நடிக்கும் மருந்துகள். இயற்கையில் விட்டுவிட்டு வரும் கட்டளையை இவை இடைவிடாமல் கொடுக்கின்றன. அதனால் கபச்சுரப்பி முதலில் மிகையாகத் தூண்டப்படுகிறது, பிறகுதான் தன் வாங்கிகளை உள்ளே இழுத்துக்கொண்டு ஓய்கிறது. ஊசி போட்ட சில நாட்களில் டெஸ்டொஸ்டெரோன் குறையாமல் கூடும். தேவையான மட்டத்துக்கு விழ மூன்று, நான்கு கிழமை ஆகும்.

இந்த ஏற்றம் சிலருக்கு ஒன்றும் செய்யாது. நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருந்தாலோ, சலம் போகும் வழி ஏற்கெனவே நெருக்கப்பட்டிருந்தாலோ ஆபத்து. அதற்காகத்தான் பிகலுட்டமைட் 50 மி.கி. குளிசையை ஊசியன்று அல்லது சில நாட்கள் முன்னதாகத் தொடங்கி மூன்று, நான்கு கிழமை கொடுக்கிறார்கள். ஓமோன் கூடினாலும் கலத்தின் வாங்கியில் ஒட்ட இடமில்லாமல் செய்வது அதன் வேலை. ஆகவே முதல் ஊசிக்குப் போகுமுன் துண்டைப் பாருங்கள். குளிசை எழுதியிருந்தும் வாங்கவில்லை என்றால் ஊசி போடுபவரிடம் முதலில் சொல்லுங்கள். எத்தனை கிழமை குடிக்கவேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சிலருக்குத் தொடர்ந்து தருவார்கள்.

டெகரெலிக்ஸ் வேறு வகை. அது வாங்கியைத் தூண்டாமல் நேரே அடைப்பதால் இந்த ஏற்றம் இல்லை, சில நாட்களிலேயே ஓமோன் விழுந்துவிடும். முதல் நாள் 120 மி.கி. வீதம் இரண்டு ஊசி, பிறகு 28 நாளுக்கு ஒருமுறை 80 மி.கி. போட்ட இடம் சிவந்து வீங்கி, ஓரிரு நாள் காய்ச்சல்கூட வரலாம். இதே வேலையைச் செய்யும் குளிசை ரெலுகொலிக்ஸ்: முதல் நாள் 360 மி.கி., பிறகு தினமும் 120 மி.கி. ஊசிக்குப் பதிலாக வரக்கூடிய குளிசை என்றால் இதுதான். மற்றவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் மாதத்தில் மட்டுமல்ல, நோய் எலும்பில் இருக்கும் ஒருவருக்கு எப்போதும் கவனிக்கவேண்டியவை இவை: கால் இரண்டும் பலமிழப்பது, நடை தள்ளாடுவது, உட்காரும் இடமும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போவது, சலம் கட்டுவது அல்லது தெரியாமலே போவது, படுத்தால் கூடும் முதுகு நோ, இருமும்போது வளையம்போல் நெஞ்சைச் சுற்றிப் பிடிக்கும் நோ. முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாண் நசுங்குவதன் அடையாளம் அது. அடுத்த கிளினிக் நாள்வரை பார்க்கும் விஷயமல்ல, அன்றே போகவேண்டும். 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு அருகிலிருக்கும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், "புரொஸ்டேட் புற்றுநோய், எலும்பில் இருக்கிறது, கால் பலமில்லை" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். நடக்கமுடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களே பிறகும் நடக்கிறார்கள். கால் முழுதாக விழுந்தபின் மீட்பது கடினம்.

வன்னியில் இந்த அடையாளம் தவறிப்போக ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அறுபது எழுபது வயதில் முதுகு நோகாத கமக்காரர் குறைவு, யுத்தக் காயம் இல்லாதவரும் குறைவு. "அது பழைய செல் துண்டு, மழைக்குக் குத்தும்" என்று ஐயாவே முடித்துவிடுவார். பழைய நோ என்றால் அது பழைய இடத்தில், பழைய மாதிரியே இருக்கவேண்டும். இடம் மாறினாலோ, இரவில் எழுப்பினாலோ, ஒரு கிழமைக்குள் கூடிக்கொண்டே வந்தாலோ அதைப் பழையதாக எடுக்காதீர்கள்.

ஊசித் திகதி

கோசரெலின் 3.6 மி.கி. 28 நாளுக்கு ஒருமுறை, 10.8 மி.கி. 12 கிழமைக்கு ஒருமுறை. "மாதம் ஒருக்கால்" என்று திகதியை வைத்துக் கணக்குப்பார்த்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். கிழமையை வைத்து எண்ணுங்கள்: செவ்வாய் போட்டால் அதற்குப் பிறகு வரும் நாலாவது செவ்வாய். ஆண்டு தொடங்கும்போதே கலண்டரில் முழுவதையும் குறித்து, போயா தினத்திலோ பொது விடுமுறையிலோ விழுகிறதா என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் வீதி மறிபடும் ஊர்க்காரர், அந்த மாதங்களின் ஊசியைச் சில நாள் முந்திப் போடலாமா என்று ஐப்பசியிலேயே கிளினிக்கில் கேட்பது நல்லது. பொதுவாகச் சில நாள் முந்துவதில் சிக்கல் குறைவு. பிந்தினால் கபச்சுரப்பி மெல்ல விழிக்கத் தொடங்கும். 12 கிழமை ஊசி கிடைக்குமா என்பதையும் கேளுங்கள், பஸ் பயணம் மூன்றில் ஒன்றாகக் குறையும்.

மருந்தை வெளியே வாங்கிக் கொண்டுபோகச் சொன்னால், பாமசியில் அதன் வெப்பநிலையைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கோசரெலின் 25 பாகைக்கு மேல் போகக்கூடாது. லியூப்ரொலைட்டில் சில தயாரிப்புகள் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகையில் இருக்கவேண்டியவை, சில அப்படியல்ல. கோடையில் ஏ9 வீதியில் பஸ்ஸின் யன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு போனால் இரண்டு வகையும் கெடும். சிறிய றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து, மருந்து ஐஸோடு முட்டாமல் வையுங்கள், உறைந்தாலும் பழுது. கோசரெலின் உறையை வீட்டில் திறந்து பார்க்காதீர்கள், ஈரம் படக்கூடாது. போடுமுன்னர்தான் பிரிக்கவேண்டும்.

கோசரெலின் ஊசி தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலின் அடியில் வைக்கப்படும் சிறிய திண்மம், ஊசி தடிப்பானது. வார்பரின், குளொபிடோகிரல் போன்ற இரத்தம் இளக்கும் குளிசை எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். போட்டபின் வயிறு வீங்கினாலோ தலைசுற்றினாலோ வீட்டுக்குப் புறப்படாமல் அங்கேயே காட்டுங்கள்.

பயணமே முடியாத வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. விதைகளை, அல்லது உறையை விட்டு உள்ளிருக்கும் இழையத்தை மட்டும், சத்திரசிகிச்சையில் எடுப்பது. ஒரு நாளைக்குள் ஓமோன் விழுந்துவிடும், ஏற்றம் இல்லை, திகதி தவறும் பயமில்லை, வெள்ளம் வந்தாலும் கவலையில்லை. 1941இல் சார்ள்ஸ் ஹகின்ஸும் கிளாரன்ஸ் ஹொட்ஜஸும் இந்த நோய் ஆண் ஓமோனை நம்பியிருக்கிறது என்று காட்டியது இந்த வழியில்தான், ஹகின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய முறை என்பதால் தரம் குறைந்ததல்ல, நோயைக் கட்டுப்படுத்துவதில் ஊசிக்குச் சமம். திருப்ப முடியாது என்பதும், ஆண்மை பற்றிய மனத்தாங்கலும்தான் தடை. இதை மகள் கேட்டால் ஐயா பேசமாட்டார், மருமகனோ அவரது வயதொத்த உறவினரோ தனியே இருந்து பேசட்டும். முடிவு அவருடையது.

பி.எஸ்.ஏ.யைத் தனியே பார்க்காதீர்கள்

பி.எஸ்.ஏ. கூடியதும் "மருந்து பிடிக்கவில்லை" என்று பயந்து மருந்து மாற்றக் கேட்கிறார்கள். முதலில் கேட்கவேண்டியது டெஸ்டொஸ்டெரோன் சோதனை. ஊசி ஒழுங்காகப் பிடித்திருந்தால் அது டெசிலீற்றருக்கு 50 நனோகிராமுக்குக் கீழே இருக்கும். மேலே இருந்தால் ஊசி பிந்தியிருக்கலாம், மருந்து வெயிலில் கெட்டிருக்கலாம், சரியான இடத்தில் வைக்கப்படாமல் இருக்கலாம். அதைத் திருத்தினாலே போதும், விலைகூடிய குளிசை தேவைப்படாது.

அறிக்கையைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 50 நனோகிராம், மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராம், லீற்றருக்கு 1.7 நனோமோல் ஆகிய மூன்றும் ஒன்றே. ஒரு ஆய்வுகூடத்தில் 0.3 என்றும் மற்றதில் 30 என்றும் வந்தால் நூறு மடங்கு கூடிவிட்டதாக எண்ணவேண்டாம்.

பி.எஸ்.ஏ.யையும் முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். சலத்தில் கிருமி, சலக்குழாய் போட்டது போன்றவை அதைக் கூட்டும், சுகமாகி ஏறக்குறைய ஆறு கிழமை கழித்து எடுப்பது நம்பத்தக்கது. சலம் தடைப்படுவதற்காக முன்பே ஃபினஸ்டெரைட் குடித்துவந்தவருக்கு அது பி.எஸ்.ஏ.யை ஏறத்தாழப் பாதியாகக் காட்டும், அந்தக் குளிசையின் பெயர் கிளினிக் கொப்பியில் இருக்கவேண்டும். ஊசி தொடங்கி ஏழு மாதமளவில் பி.எஸ்.ஏ. மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராமுக்குக் கீழே இறங்கியிருப்பது நல்ல அறிகுறி. ஓர் அறிக்கையில் சற்றுக் கூடினால் சில கிழமையில் திரும்ப எடுத்து உறுதிப்படுத்துவார்கள், அதுவரை மருந்தை விடாதீர்கள்.

குளிசைகள்

கொடுப்பதில் அதிகம் பிழை நேரும் மருந்து அபிராட்டெரோன். அதிரீனலிலும் புற்றுக் கலத்துக்குள்ளும் ஓமோன் உண்டாவதையே அது தடுக்கிறது. வழமையான அளவு 1000 மி.கி., 250 மி.கி. குளிசையென்றால் நான்கு, ஒரே தடவையில். வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, குடித்தபின் ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டோடு போனால், அதுவும் கொழுப்போடு போனால், இரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்காகும். பால்தேத்தண்ணியும் சாப்பாடுதான். விடியக்காலை எழும்பியதும் தண்ணீரோடு கொடுத்து, ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி என்று வைத்தால் பழகிவிடும். சில மருத்துவர்கள் குறைந்த அளவைச் சாப்பாட்டோடு எழுதுவதும் உண்டு, அது அவர்கள் கணக்குப்பார்த்துச் செய்வது. செலவைக் குறைக்க வீட்டில் பின்பற்றும் முறையல்ல.

இதனுடன் பிரெட்னிசொலோன் 5 மி.கி. வரும், நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ. இங்கேதான் சிக்கல்: பிரெட்னிசொலோன் சாப்பாட்டின் பின், அபிராட்டெரோன் சாப்பாட்டின் முன். இரண்டையும் ஒரே கையில் கொடுத்தால் ஒன்று பிழையாகிவிடும். பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்தவும் கூடாது. அது இல்லாவிட்டால் அபிராட்டெரோன் பிரஷரைக் கூட்டி, காலை வீங்கவைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். முதல் மூன்று மாதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஈரல் சோதனை, கூடவே பிரஷரும் பொட்டாசியமும். இவற்றை அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள்.

பொட்டாசியம் குறைந்ததென்று நீங்களாக இளநீரும் வாழைப்பழமும் ஏற்றாதீர்கள். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கும் பிரதேசம், சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் மறுபக்கம் ஏறி இதயத்தை நிறுத்தும். கால் வீக்கத்துக்கு ஸ்பைரொனொலக்டோன் எழுதப்பட்டால் "ஐயா அபிராட்டெரோன் எடுக்கிறார்" என்று சொல்லுங்கள், ஸ்பைரொனொலக்டோன் தானே அன்ட்ரஜன் வாங்கியைத் தூண்டக்கூடியது. கருவுற்ற மகளோ மருமகளோ அபிராட்டெரோன் குளிசையைக் கையுறையில்லாமல் தொடவேண்டாம்.

என்சாலுட்டமைட் 160 மி.கி. நாளுக்கு ஒருமுறை, சாப்பாடு பிரச்சினையில்லை. இது வாங்கியில் இறுக ஒட்டி, அது கருவுக்குள் போவதையும் தடுக்கிறது. களைப்பும் விழுகையும் கூடும், சிலருக்கு வலிப்பு வரலாம். முன்பு வலிப்பு, பாரிசவாதம், தலையில் காயம் இருந்ததா என்பதைச் சொல்லியே தீரவேண்டும், தலையில் சன்னம் இருப்பவர் கட்டாயமாக. நோவுக்குத் தரும் டிரமடோலும் வலிப்பைத் தூண்டக்கூடியது. மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்ரர் ஓட்டுவதையும் கட்டில்லாத கிணற்றில் தனியே குளிப்பதையும் விடச்சொல்லுங்கள். இரவில் வளவின் மூலையில் இருக்கும் மலசலகூடத்துக்கு நடக்காமல் கட்டிலடியில் சலப்போத்தல் இருக்கட்டும் (யானை வரும் ஊர்களில் இதற்கு ஐயாவே சம்மதிப்பார்). அபாலுட்டமைட் 240 மி.கி. இதே வகை, தோலில் சிவப்பு வந்தால் காட்டவேண்டும், தைரொயிட்டும் பார்க்கவேண்டும். டாரோலுட்டமைட் 600 மி.கி. இருவேளை, சாப்பாட்டோடு. மூளைக்குள் குறைவாகவே போவதால் விழுகைப் பயம் உள்ளவருக்கு நினைப்பார்கள்.

ஆண்மைக்கு விற்கும் லேகியமும் தாதுபுஷ்டி உருண்டையும் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிராது. ஆண் ஓமோன் கலந்திருந்தால் இத்தனை ஊசியும் வீண்.

வாங்கி மாறும்போது

சில ஆண்டுகளில், சிலருக்கு அதற்கு முன்பே, ஓமோன் அடியில் இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறும். பெரும்பாலும் அன்ட்ரஜன் வாங்கி அப்போதும் வேலைசெய்துகொண்டே இருக்கிறது, ஆனால் மாறிவிட்டது. கலம் அதைப் பல மடங்காக உண்டாக்கிச் சொட்டு ஓமோனையும் பிடிக்கலாம். வாங்கியின் வடிவம் திரிந்து, தடுக்கவந்த பிகலுட்டமைட்டே தூண்டும் மருந்தாகிவிடலாம். அப்போது அதை நிறுத்தினாலே சிலருக்குப் பி.எஸ்.ஏ. இறங்கும், பார்க்க ஆறு கிழமையளவு பொறுக்கவேண்டும். அந்த நேரம் மருத்துவர் குளிசையை நிறுத்துவது கைவிட்டதாக ஆகாது. ஏ.ஆர்.-வி7 என்ற வகையில் ஓமோன் ஒட்டும் பகுதியே வாங்கியில் இல்லை, ஓமோன் இல்லாமலே அது இயங்கும், என்சாலுட்டமைட்டுக்குப் பிடிக்க இடமில்லை. இப்படியான கட்டத்தில் டொசிடக்செல் (கீமோ மருந்து) போன்ற வேறு வழிகளுக்குப் போவார்கள். அப்போதும் அடிப்படை ஊசி தொடரும், ஏனெனில் எல்லாக் கலங்களும் ஒன்றாக மாறிவிடுவதில்லை.

எலும்பும் பல்லும்

ஓமோன் விழுந்தால் எலும்பு மெலியும், தசை கரையும், சீனி கூடும். உடம்பில் திடீரென வெக்கை ஏறி வியர்க்கும். குரக்கன், நெத்தலி, எள்ளு, முருங்கையிலை, எருமைத் தயிர் ஆகியவை கல்சியத்துக்கு நல்லவை, நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. இலக்கு. சிறுநீரக நோயுள்ளவர் இதையும் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து திரும்ப உட்காருவதை நாளுக்கு இரண்டு தரம் பத்துப்பத்தாகச் செய்யலாம். முள்ளந்தண்டில் நோய் இருப்பவர் நெல்மூட்டை தூக்கக்கூடாது.

எலும்புக்குச் சொலெட்ரோனிக் அசிட் 4 மி.கி. ஏற்றுவதானால் அதற்கு முன் பல் வைத்தியரிடம் போகவேண்டும். பிடுங்கவேண்டிய பல்லை முதலே பிடுங்கி, ஆறவிட்டுத் தொடங்குவார்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகலாம். வெற்றிலை போட்டு முரசு கெட்டவர்களுக்கு இது சும்மா சொல்லும் எச்சரிக்கையல்ல. ஒவ்வொரு முறையும் கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) பார்த்த பிறகே ஏற்றவேண்டும்.

ஸ்கானுக்குப் போகுமுன்

எம்.ஆர்.ஐ. எழுதினால் உடம்பில் எங்கெங்கே செல் துண்டு, சன்னம், இரும்புக் கம்பி இருக்கிறது என்று ஒரு தாளில் ஆள் உருவம் கீறிக் குறித்துக் கொண்டுபோங்கள். கண்ணுக்குள்ளோ தலையிலோ முள்ளந்தண்டருகிலோ இரும்பு இருந்தால் காந்தம் அதை அசைக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவையென்றால் சி.டி.க்கு மாற்றுவார்கள், சி.டி.க்கு அந்த ஆபத்து இல்லை. எலும்பு ஸ்கானில் வேறு சிக்கல்: முன்பு உடைந்து பொருந்திய எலும்பும் காயம்பட்ட இடமும் புற்றைப்போலவே ஒளிரக்கூடும். எந்த ஆண்டு எந்த எலும்பு உடைந்தது, பொய்க்கால் போட்டிருக்கிறாரா என்று அந்தத் தாளிலேயே எழுதி, ஸ்கான் எடுப்பவரிடம் ஒரு பிரதியும் கிளினிக் கொப்பியில் ஒரு பிரதியும் இருக்கட்டும்.